பாக்கி பில்லும் பாபநாசம் தண்ணீரும்

ஜூன் முதல் தேதி பாபநாசம் அணையைத் திறந்து கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவது தாமிரபரணிப் பாசனத்தின் நெடுநாள் வழக்கம். அணையில் நீர் போதாத ஆண்டுகளில் தேதி கொஞ்சம் தள்ளிப்போகும், கணக்கு மாறாது. ஜூனில் கார், ஐப்பசியை ஒட்டிப் பிசானம், மார்ச் இறுதியில் அடைப்பு. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள், 11 கால்வாய்கள், 86,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பாசனப் பரப்பு. இத்தனைக்கும் தூர் வார, கரை பலப்படுத்த, மதகுக்குப் புதுப் பலகை போட, உடைந்த தடுப்புச் சுவரை எழுப்பக் கிடைப்பது ஏப்ரல், மே என்ற இரண்டு மாதம்தான். ஜூனில் தண்ணீர் வந்துவிட்டால் கால்வாய்க்குள் இறங்க முடியாது. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையில் குளத்துக் கரையில் டிப்பர் ஏறாது. அந்த இரண்டு மாதத்தைத் தவறவிட்டால் அந்த வேலை அடுத்த ஆண்டுக்குத்தான்.

அரசின் நிதியாண்டும் அதே மார்ச் 31இல்தான் முடிகிறது. தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் பொதுப்பணிகளைப் பற்றிப் பேசுகிற எவரும் இந்த இரு நாள்காட்டிகளும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் தொடங்க வேண்டும். மார்ச் கடைசி வாரத்தில் அளவுப் புத்தகத்தில் பதிவாகிவிட்ட பில், நிதி ஒதுக்கீடு தீர்ந்துபோனதால் பாஸ் ஆகாமல் நின்றால், புதிய ஆண்டின் ஒதுக்கீடு கோட்ட அலுவலகத்துக்கு வந்து சேரும்வரை அது அங்கேயே கிடக்கும். அதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று யாரும் எழுதித் தருவதில்லை. டீசல் போட, ஜே.சி.பி. வாடகைக்கு எடுக்க, மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்க ஒப்பந்ததாரருக்குக் கையில் காசு வேண்டியது சரியாக அந்த வாரங்களில்தான். போன ஆண்டு செய்த வேலையின் பணம் வராததால் இந்த ஆண்டு வேலை தொடங்காமல் நிற்கிறது. கடைமடை விவசாயிக்குத் தெரிவது தூர் வாராத கால்வாய் மட்டும்தான். அதற்கும் கருவூலத்தில் காத்திருக்கும் ஒரு பில்லுக்கும் உள்ள தொடர்பு அவர் கண்ணில் படுவதில்லை.

'நிறுத்திவைத்த தொகை' என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. முதலாவது, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும் பிடித்தம். வழக்கமாக ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதத்தை ரிடென்ஷனாகப் பிடித்து, வேலை முடிந்ததும் ஒரு பகுதியையும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதியையும் விடுவிப்பார்கள். இது நியாயமான ஏற்பாடு. போட்ட சாலை முதல் மழையில் பெயர்ந்தால் அதைச் சரிசெய்ய அரசின் கையில் ஒரு பிடி இருக்க வேண்டும். இரண்டாவது, வேலை முடிந்து, உதவிப் பொறியாளர் அளந்து, மேலதிகாரி சரிபார்த்து, யாரும் எந்தக் குறையும் சொல்லாத பிறகும் கொடுக்கப்படாத பில். இது பிடித்தம் அல்ல, கடன். அரசு வாங்கியிருக்கிறது, ஆனால் எந்த வரவு செலவுக் கணக்கிலும் கடன் என்று காட்டவில்லை. வட்டி தருவதில்லை, தவணை சொல்வதில்லை. முதல் வகைக்கு உள்ள நியாயத்தை இரண்டாவது வகைக்கும் போர்த்திவிடுவதுதான் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், முதல் வகைத் தொகையும் அதற்குரிய நாளில் தானாக வருவதில்லை. காலம் முடிந்த டெபாசிட்டைத் திரும்பப் பெற மனு எழுதி, பழைய கோப்பைத் தேடியெடுக்க வைத்து, மாறிப்போன பொறியாளரிடம் மீண்டும் சான்று வாங்கி அலைய வேண்டியிருக்கிறது.

கடன் கொடுப்பவர் யார் என்று பார்த்தால் இந்த ஏற்பாட்டின் அநியாயம் புரியும். தேசிய நெடுஞ்சாலை போடும் பெருநிறுவனத்துக்கு வங்கியில் கடன் வரம்பு உண்டு, வழக்கறிஞர் உண்டு, தகராறு வந்தால் நடுவர் மன்றம் போகத் தெம்பு உண்டு. அம்பாசமுத்திரத்திலோ சேரன்மகாதேவியிலோ மேலப்பாளையத்திலோ சிறு பாலமும் வாறுகாலும் அங்கன்வாடிக் கட்டடமும் கட்டுகிறவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. டெண்டருக்கு முன்வைப்புத் தொகை, ஒப்பந்தத்துக்குப் பாதுகாப்பு வைப்புத் தொகை, பில்லுக்குப் பில் பிடித்தம், வருமான வரிப் பிடித்தம், தொழிலாளர் நல நிதி என்று அவர் கையிருப்பு முதலிலேயே கரைகிறது. அரசுப் பணிகள் பலவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2022 ஜூலையில் 18 ஆயிற்று. இதற்கிடையே பொருளின் விலை நிற்பதில்லை. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தானே வாதாடிய வழக்கில் 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆற்றுக்கு அது பெரிய நன்மை. அதன் பிறகு இப்பகுதிக் கட்டுமானம் எம்-சாண்டையே நம்ப வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததும் ஆய்வுக்காக மாவட்டத்துக் குவாரிகள் மூடப்பட்டன. 2025 ஏப்ரலில் கனிமவள நில வரி வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜல்லியும் எம்-சாண்டும் விலை ஏறின. இவை ஒவ்வொன்றுக்கும் அதனதன் காரணம் உண்டு. ஆனால் விலை ஏறுவதற்கு முன்பே பொருள் வாங்கிப் போட்டுக்கொள்ள முடிவது, போன வேலையின் பணம் கைக்கு வந்திருப்பவருக்குத்தான். வராதவர் ஏறிய விலைக்கு, அதுவும் கடனுக்கு வாங்குகிறார்.

கடன் அவரோடு நிற்பதும் இல்லை. அவர் சென்ட்ரிங் பலகைக்காரருக்கும் சிமெண்ட் கடைக்கும் மேஸ்திரிக்கும் பாக்கி வைக்கிறார். மேஸ்திரி கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பாக்கி வைக்கிறார். கோட்டையில் நிற்கும் ஒரு கையெழுத்தின் பாரம் கடைசியில் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருக்கும் வீட்டில் போய் இறங்குகிறது. வங்கி வாசலை மிதிக்க முடியாதவர்கள் எங்கே கடன் வாங்குவார்கள் என்பதை நெல்லைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கந்துவட்டிக் கொடுமையால் 2017 அக்டோபரில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஒரு குடும்பம் தீக்குளித்ததைக் கண்ட ஊர் இது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு இந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையாகியிருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய பேரிடர் அது. தாமிரபரணியின் இரு கரையிலும் குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன. இதுபோன்ற நேரத்தில் டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. அதிகாரி ஃபோனில் சொல்வார், தெரிந்த ஒப்பந்ததாரர் மணல் மூட்டையும் இயந்திரமும் கொண்டுவந்து இரவோடு இரவாக உடைப்பை அடைப்பார். மதிப்பீடும் நிர்வாக ஒப்புதலும் அதற்குப் பின்னால் வரும். அவசரத்துக்குக் கைகொடுத்த வேலையின் பில்தான் காகிதத்தில் மிகவும் நலிந்த பில்லாக இருக்கும் என்பது இம்முறையின் கோளாறு. மேலே போகப் போக இதே கதைதான். மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு சுமார் 37,900 கோடி ரூபாய் கேட்டது. 2024 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது 276 கோடி. ஜல் ஜீவன் திட்டத்துக்கு 2024-25 பட்ஜெட்டில் 70,000 கோடிக்கு மேல் ஒதுக்கிவிட்டுத் திருத்திய மதிப்பீட்டில் அதை 23,000 கோடிக்கும் கீழே இறக்கினார்கள்; திட்டக் காலம் 2028 வரை நீட்டப்பட்டது. நீட்டியது நல்லதுதான், ஆனால் முந்தைய காலக்கெடுவை நம்பிக் குழாய் வாங்கிப் பதித்தவர் நாடு முழுக்க நடுத்தெருவில் நிற்கிறார். மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்காமல் இழுத்தடிப்பதை வன்மையாகக் கண்டிக்கும் அதே மாநிலம், தனக்குக் கீழே உள்ளவருக்கு இழுத்தடிக்கும்போது அந்தக் கண்டனத்தின் வலு குறைந்துவிடுகிறது.

இங்கே எழும் முதல் மறுப்பை லேசாக ஒதுக்கக் கூடாது. பொதுப்பணி என்றாலே கமிஷன், கலப்படம், அளவில் பொய் என்று மக்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணங்கள் உண்டு. தமிழ்நாட்டின் ஸ்மார்ட் சிட்டி பணிகளில் முறைகேடு நடந்ததா என்று விசாரிக்க ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதார் தலைமையில் குழுவே அமைக்க நேர்ந்தது. திருநெல்வேலியும் ஸ்மார்ட் சிட்டிகளில் ஒன்று. அப்படியிருக்க, பணத்தை நிறுத்திவைப்பதுதானே அரசிடம் உள்ள ஒரே கடிவாளம் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கடிவாளம் யாரை இழுத்துப் பிடிக்கிறது? கமிஷன் கொடுத்தவருக்குப் பில் முன்னால் நகர்கிறது. கொடுக்காதவருக்கு 'ஃபண்ட் இல்லை'. காலக்கெடு இல்லாத இடத்தில்தான் கையெழுத்துக்கு விலை ஏறும். 40 சதவீத கமிஷன் கேட்கிறார்கள் என்று 2021இல் பிரதமருக்கே கடிதம் எழுதிய கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கம், நிலுவைப் பில்களை மூப்பு வரிசையில் விடுவிக்க வேண்டும் என்று அடுத்தடுத்து வந்த இரண்டு ஆட்சிகளிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டு கோரிக்கைகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தாமதத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஒன்றரை ஆண்டு பணம் வராவிட்டாலும் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே நாளடைவில் டெண்டர் போடுவார்கள். அவர்கள் அரசியல் செல்வாக்கும் கணக்கில் வராத பணமும் உள்ளவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஒழுங்காக வேலை செய்து மூன்று மாதத்தில் பணம் எதிர்பார்க்கிறவர் தனியார் வீடு கட்டப் போய்விடுவார். ஊழலைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே ஊழலுக்கு வாகானவர்களை வடிகட்டி எடுக்கிறோம்.

சந்தேகத்துக்குரிய பில்லையும் கொடுத்துவிட வேண்டும் என்பதல்ல இதன் பொருள். எது சந்தேகம், எவ்வளவு, ஏன் என்று எழுத்தில் சொல்லி அந்தப் பகுதியை மட்டும் நிறுத்த வேண்டும். ஒரு பகுதியின் தகராறு முழு வேலையையும் விழுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையமே சாட்சி. 2018 இறுதியில் இடித்தார்கள். அடித்தளம் தோண்டும்போது கிடைத்த மணல் யாருக்குப் போனது என்ற சர்ச்சை வழக்காகி வேலை முடங்கியது. புதிய நிலையம் 2024இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது. மணல் விவகாரத்தை விசாரித்தே ஆக வேண்டும். அதற்காகச் சந்திப்பின் கடைக்காரர்களும் பயணிகளும் ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆந்திரத்தில் இதே கேள்வி நீதிமன்றத்துக்கே போனது. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் முந்தைய ஆட்சிக் காலத்தில் முடிந்த பணிகளுக்கு, விசாரணையைக் காரணம் காட்டி 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ள 2019க்குப் பின் வந்த அரசு உத்தரவிட்டது. 2021 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை ரத்துசெய்து, நிலுவையை 12 சதவீத வட்டியோடு கொடுக்கச் சொன்னது. பில்லை நிறுத்தி அந்த அரசு மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை, வட்டிதான் கூடுதலாயிற்று.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கொடுக்கச் சொல்கிறது. ஆனால் பொருளும் உழைப்பும் சேர்ந்த கட்டுமான ஒப்பந்தங்கள் இதற்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் போன்றவை தீர்ப்பளித்ததால், இந்தப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிறவருக்கே அது உறுதியாகக் கிடைப்பதில்லை. சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் பணம் தராத வாங்குபவர் அந்தச் செலவை அவ்வாண்டு வருமான வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்ற விதியும் அண்மையில் வந்திருக்கிறது. தனியார் நிறுவனங்கள் அதற்குப் பயப்படுகின்றன. வருமான வரியே கட்டாத நகராட்சிக்கும் பொதுப்பணித் துறைக்கும் அதனால் என்ன? இவற்றைவிடப் பொருத்தமானது மத்திய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டு நெறி. பில் வந்த 10 வேலைநாளுக்குள் 75 சதவீதத்தைக் கொடு, மீதியைச் சரிபார்த்து 28 வேலைநாளுக்குள் முடி, 30 வேலைநாள் தாண்டினால் வட்டி தர ஒப்பந்தத்தில் இடம் வை என்கிறது அது. மத்தியத் துறைகளுக்கான இந்த ஏற்பாட்டை மாநிலத் துறைகளும் உள்ளாட்சிகளும் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. முக்கால் பங்கை முதலில் கொடுத்துவிட்டுக் கால் பங்கில் தகராறு தீர்ப்பது என்ற அந்த யோசனை புதியதும் அல்ல. பிரிட்டன் 1996லும், சிங்கப்பூர் 2004லும், மலேசியா 2012லும் இயற்றிய சட்டங்கள் கட்டுமானப் பண விவகாரங்களைச் சில வாரங்களில் முடிக்கத் தனித் தீர்ப்பாளர்களை வைத்தன. முதலில் பணம், வழக்கு பிறகு என்பதே அவற்றின் உள்ளடக்கம். மலேசியாவின் சட்டம் அரசு ஒப்பந்தங்களையும் சேர்த்தே பேசுகிறது.

பணமே இல்லாதபோது எங்கிருந்து கொடுப்பது என்ற இரண்டாவது மறுப்பு மாநகராட்சிகளிடமிருந்தும் ஊராட்சிகளிடமிருந்தும் வரும். அதில் உண்மை உண்டு. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டியது எல்லாம் போக எஞ்சுவதில்தான் பொதுநிதி வேலைகளின் பில் வருகிறது. திட்ட நிதி உள்ள வேலைக்குப் பணம் சீக்கிரம் வருவதும், வார்டு வாறுகாலுக்குப் பணம் வராமல் இழுப்பதும் அதனால்தான். ஆனால் கையில் பணம் இல்லாதபோது டெண்டர் விட்டது யார்? திட்ட மதிப்பீட்டுக்கு ஒப்புதல் தரும்போதே பில் எந்தத் தலைப்பில், எந்தக் காலாண்டில் வரும் என்று உறுதிசெய்யாமல் வேலை உத்தரவு கொடுப்பது, ஒப்பந்ததாரரின் பணத்தில் அடிக்கல் நாட்டுவதற்குச் சமம். இந்த ஊருக்கு அப்படி ஒரு முன்னுதாரணம் உண்டு என்பது வேறு விஷயம். ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் சுமார் 50,000 ரூபாயைத் தன் கையிலிருந்தே போட்டு 1843இல் கட்டிய பாலத்தில்தான் பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே இன்றும் போய்வருகிறோம். அவர் விரும்பிக் கொடுத்தார்; ஊர் அவர் பெயரை வைத்தது. இப்போதைய ஏற்பாடு விருப்பம் கேட்காமலே ஒவ்வொரு சிறு ஒப்பந்ததாரரையும் சுலோச்சன முதலியார் ஆக்குகிறது, பெயர்ப் பலகை மட்டும் அமைச்சருக்கு. கேரளம் பில்லை வங்கியில் காட்டி உடனே பணம் பெறும் முறையைச் சில காலமாக வைத்திருக்கிறது. வட்டியில் ஒரு பகுதி ஒப்பந்ததாரர் தலையில் விழுவது அதன் குறை. என்றாலும் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அரசு அங்கே ஒப்புக்கொள்கிறது.

வட்டி கொடுத்தால் கஜானாவுக்குச் சுமை என்பார்கள். அந்தச் சுமை இப்போதும் இருக்கிறது, வேறு பெயரில். பணம் எப்போது வரும் என்று தெரியாதவர் அந்த நிச்சயமின்மையை டெண்டர் விலையில் ஏற்றுவார். விலையில் ஏற்ற முடியாதபோது சிமெண்டில் குறைப்பார். இரண்டுக்கும் வரி கட்டுகிறவர்தான் பணம் தருகிறார். தாமதத்தின் விலை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு நம் கண்ணெதிரே தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் இருக்கிறது. 2009இல் 369 கோடி ரூபாயில் தொடங்கிய அந்த வெள்ளநீர்க் கால்வாய் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது மதிப்பு 1,060 கோடியைத் தாண்டியிருந்தது. அதற்குக் காரணம் பாக்கி பில் அல்ல. ஆட்சி மாற்றம், நில எடுப்பு, அனுமதிகள் என்று பல. ஆனால் அரசு தாமதித்தபோது அரசுக்காக மதிப்பீடு திருத்தப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்ததாரர் தாமதித்தால் அபராதம். அரசு பணம் தரத் தாமதித்தால் மட்டும் யாருக்கும் எதுவும் நேர்வதில்லை.

விதி மாற்றம் சென்னையிலிருந்துதான் வர வேண்டும். கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் காலக்கெடுவும் தானியங்கி வட்டியும் வேண்டும் என்று சொல்ல ஓர் அரசாணை போதும். அதுவரை உள்ளூர் அதிகாரிகள் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. திருநெல்வேலி மாநகராட்சியும், மாவட்ட ஊராட்சியும், தாமிரபரணி வடிநிலக் கோட்டமும் தங்களிடம் அளவுப் புத்தகத்தில் பதிவாகிப் பணம் தரப்படாமல் இருக்கும் ஒவ்வொரு பில்லையும் பதிவான தேதி வரிசையில் இணையத்திலும் அலுவலகப் பலகையிலும் வெளியிடலாம். வேலையின் பெயர், தொகை, அளந்த நாள், நிறுத்தியிருந்தால் காரணம், குறைபாட்டுக் காலம் முடிந்த டெபாசிட்டுக்கு விடுவிக்க வேண்டிய நாள். வரிசையைத் தாண்டி ஒரு பில் பாஸானால் எந்த அதிகாரி, எதற்காக என்று அதே பலகையில் எழுதட்டும். கால்வாய்ப் பணிகளுக்கு மட்டுமாவது மார்ச் பில்களை ஏப்ரல் 15க்குள் தீர்க்கக் கோட்டத்துக்கு முன்கூட்டியே ஒரு சிறு ஒதுக்கீடு வைக்கலாம். பட்டியலை வெளியிட மன்றத்தில் ஒரு தீர்மானம் போதும். அதற்குச் செலவும் ஆகாது. தயங்குவார்களேயானால், அந்தப் பட்டியலில் யாருடைய பில் முன்னால் நகர்ந்திருக்கிறது என்பதே தயக்கத்துக்குக் காரணமாக இருக்கும்.